காரெல் ப்ரோவ் இன்னும் படகேறவில்லை

நள்ளிரவு கடந்து பன்னிரண்டாம் நிமிடம்
காரெல் ப்ரோவ் விழித்துக்கொள்கிறான்.
வயது நாற்பத்தொன்று. ஒரு கார், ஒரு நாய்.
ஹீயுமா தீவுக்குப் போகவேண்டும், எப்போதும் நாளைக்கு.
ப்ரோவ் என்றால் எங்கள் மொழியில் ஒத்திகை.
பெயர் வைத்தவள் நான்தான்.

குரோமில் ஒரு தடவை, ஃபயர்ஃபாக்ஸில் ஒரு தடவை,
சஃபாரியில் ஒரு தடவை,
பிறகு திரையைக் கைப்பேசி அகலத்துக்குச் சுருக்கி
மறுபடி முதலிலிருந்து.
துறைமுகம், தேதி, கார், நாய், பணம்.
பொத்தானை அமுக்குவான். பச்சை.
இரண்டு வருடத்தில் நாலாயிரத்துச் சொச்சம் சீட்டு வாங்கிவிட்டான்.
அவன் காலணியில் ஒரு சொட்டு உப்புநீர் பட்டதில்லை.

நான் காலையில் வந்து பார்ப்பது வெறும் பட்டியல்.
தாலினில் ஜனவரியில் ஒன்பது மணிக்கும் இருட்டுதான்,
டிராம் கம்பியில் பொறி பறக்கும்போது மட்டும்
எதிர்வீட்டுச் சுவர் தெரியும்.
பச்சை, பச்சை, பச்சை.
எப்போதாவது சஃபாரியில் ஒரு சிவப்பு.
மூன்று முறை மறுபடி ஓடு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
மூன்றாவதில் அடங்கிவிடும்.
அதைத் திக்குவாய் என்று நினைத்திருந்தேன்.

மதியம் தொலைபேசிப் பிரிவிலிருந்து ஊர்வே வந்தாள்.
"ஹீயுமாவின் மாட்டு டாக்டர் மறுபடியும்.
பணம் கட்டும் பொத்தானே இல்லை என்கிறார்."
என்ன பிரவுசராம்?
"கேட்டேன். போன் என்றார்."
சிரித்தோம்.
சிரித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இங்கே ஓடுகிறதே, என்று பட்டியலைக் காட்டினேன்.
எங்கள் தொழிலின் மிகப் பழைய பதில் அது.
பொய் என்றும் சொல்ல முடியாது.

எல்லோரும் போனபின் எதற்கோ உட்கார்ந்தேன்.
இரவில் பிரவுசர்கள் முகம் காட்டாமல் ஓடும்;
இன்று முகம் காட்டச் சொன்னேன்,
அடிக்கு அடி நின்று நடக்கச் சொன்னேன்.
சின்னத் திரை. துறைமுகம், தேதி, கார், நாய்.
அங்கே, அடியில்,
குக்கீகளுக்குச் சம்மதமா என்று கேட்கும் சாம்பல் பலகை
பொத்தானின் மேல் படுத்திருந்தது.
அதை மூடும் 'சரி'யோ
திரைக்குக் கீழே, யாருக்கும் எட்டாத இடத்தில்.

காரெல் நிற்கவில்லை.
பலகைக்குள் கையை விட்டு
ஆவி சுவரைக் கடப்பதுபோல்
பொத்தானை அமுக்கினான்.
பச்சை.

இருநூற்றுப் பதினான்காம் வரி:
எது மறைத்தாலும் அமுக்கு.
பக்கத்தில் ஒரு குறிப்பு: தற்காலிகம்.
தேதி, போன மார்ச், வெள்ளிக்கிழமை மாலை.
எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தில்
என் பெயர்.

நினைவிருக்கிறது. அன்று ஒரே ஒரு சிவப்பு.
உன் சொடுக்கை வேறொன்று வாங்கிக்கொள்கிறது என்று
இயந்திரம் மரியாதையாகத்தான் சொன்னது.
எனக்கு ரயிலுக்கு நேரமாகியிருந்தது.
சஃபாரி மட்டும் அப்போதும் இப்போதும்
அந்த வரிக்கு முழுதாய்ப் பணியாமல்
முனகிக்கொண்டே இருந்திருக்கிறது.

வரியை அழித்தேன். ஓடவிட்டேன்.
சிவப்பு. சிவப்பு. சிவப்பு.
மூன்று பிரவுசரும் இத்தனை ஒற்றுமையாய் இருந்து
நான் பார்த்ததில்லை.
காரெல் ப்ரோவ் முதல்முறையாகக் கரையில் நிற்கிறான்,
சீட்டில்லாமல், நாயோடு,
ஒரு பயணியைப் போல.

காலை ஆறரைக்கு டாக்டர் இல்மார் கொப்பெலை அழைத்தேன்.
மாடு கத்தும் சத்தம். வாளி உருளும் சத்தம்.
"பொத்தான் வந்துவிட்டதா?"
இல்லை, டாக்டர்.
இல்லை என்பது இப்போது எனக்கும் தெரிகிறது.
"அது போதும்," என்றார்.
"கன்று பாதிதான் வெளியே வந்திருக்கிறது,
அப்புறம் பேசுகிறேன்."